கிள்ளானுக்கு நான்கு கட்டம்

வெயில் ஏறுவதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் அஞ்சடி நடைபாதையில் ஆள்நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. பூக்கடைக்காரர் மல்லிகைச் சரத்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து உதறுகிறார். சாப்பாட்டுக் கடை வாசலில் ரொட்டி சானாய் மாவை வீசி விரிக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே தே தாரே குடித்துவிட்டு மோனோரயில் நிலையத்தின் பக்கம் விரைகிறார்கள். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்த தெரு இது. ஆனால் தமிழர் வாழ்க்கை இங்கே அதற்கு வெகு காலம் முந்தியது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை நாசமாக்கின. ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளால்தான் இந்தப் பேட்டைக்குப் பெயர் வந்தது. பின்னால் ரயில்வே வந்தது. அதோடு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். கோவிலும் வாசகசாலையும் பத்திரிகையும் வந்தன.

என் பையில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்ட தாள்கள் இருந்தன, எல்லாம் காலியாக. குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு வேலைதான் வைத்துக்கொண்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் புழங்கும் சொற்களைப் பொறுக்கி ஒரு புதிர் அமைக்க வேண்டும். அதை இங்கேயே அச்சடித்து, இங்கே இருப்பவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் அதைப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செய்தித்தாள் கடையில் இருந்த அக்கா, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்ட பிறகுதான் என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டார். மலேசிய நண்பனும் மக்கள் ஓசையும் வாங்கிக்கொண்டேன். குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் யாராவது வருவார்களா என்று விசாரித்தேன். “எங்க மாமியார் அதுக்காகவே ஞாயித்துக்கிழமை பேப்பரை எடுத்து வைக்கச் சொல்வாங்க. கண்ணாடியைப் போட்டுட்டு உக்காந்தா மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க” என்றார். யார் போட்ட புதிர் என்று தெரியுமா என்றேன். கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்தது. “அதுல யாரு பேரு இருக்கும்? பேப்பர்காரங்க போடுறதுதானே!”

தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் கதைக்குக் கீழே பெயர் உண்டு, கவிதைக்கு உண்டு, சமையல் குறிப்புக்கும் உண்டு. குறுக்கெழுத்து பெரும்பாலும் அநாதை. நானே பல வருடம் பெயரில்லாமல் புதிர் கொடுத்திருக்கிறேன். கேட்டும் பெயர் போடவில்லை என்பது ஒரு வருத்தம். ஒரு வாரத்துக் கட்டத்தை இன்னொரு வாரத்துக் குறிப்புகளோடு சேர்த்து அச்சிட்டுவிட்டு யாரும் கவலைப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய வருத்தம். பெயர் இருந்திருந்தால் பொறுப்பும் இருந்திருக்கும்.

இந்த அநாமதேயம் எங்கிருந்து வந்தது? குறுக்கெழுத்து நம்மிடம் வந்து சேர்ந்த விதத்தில் இருந்துதான் என்று நினைக்கிறேன். 1913 டிசம்பர் 21ஆம் தேதி ‘நியூயார்க் வேர்ல்ட்’ ஞாயிறு இதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு சொற்கட்டம் போட்டார், அதுதான் தொடக்கம். 1924இல் சைமன், ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் நியூயார்க்கில் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் பென்சிலோடு சேர்த்து விற்றார்கள். தமிழில் இந்த விளையாட்டு 1930களில் பரிசுப் போட்டியாக நுழைந்தது. ஆனந்த விகடன் நடத்திய பரிசுக் குறுக்கெழுத்துகளுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் ஏராளம். பணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் பெருந்தொகை கிடைக்கும்.

இந்தப் பரிசுப் புதிர் வேலை செய்யும் விதம் இது: ‘வாழ்க்கைக்கு இன்றியமையாதது’ என்று ஒரு குறிப்பு. கட்டத்தில் ‘ணம்’ தயாராக அச்சாகியிருக்கிறது. முதலெழுத்து மட்டும் காலி. பணமா, குணமா, மணமா? மூன்றுமே சரி. ஆனால் முத்திரை வைத்த உறைக்குள் ஒன்றுதான் இருக்கிறது. இங்கே போடுகிறவரின் அறிவுக்கு வேலை இல்லை, இது சூதாட்டம். இந்தியா முழுக்க இப்படிப்பட்ட போட்டிகள் பெருகியதால் 1955இல் பரிசுப் போட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் நுழைவுக்கு மேல் கூடாது என்று அது வரம்பு கட்டியது. திறமையால் வெல்லும் போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, சூதாட்டத் தன்மை உள்ளதற்கே பொருந்தும் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. பரிசுதான் சரக்கு என்று ஆன இடத்தில், விடையை அறிந்த ஆள் மறைந்திருக்க வேண்டியவர் ஆகிறார். அவருக்கு எப்படிப் பெயர் போடுவார்கள்?

மாற்றி நடந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் தன் பெயரிலேயே குறுக்கெழுத்து அமைத்தார். சொல்லை உடைத்து, கலைத்து, ஒளித்து வைக்கும் குறிப்புகள் அவருடையவை. விடை கிடைத்த கணத்திலேயே இதுதான் சரி என்று போடுகிறவருக்கே தெரிந்துவிடும். உறை எதுவும் தேவையில்லை. நியூயார்க் டைம்ஸ்கூட 1993இல் வில் ஷார்ட்ஸ் ஆசிரியராக வந்த பிறகுதான் அன்றாடப் புதிரில் அமைத்தவர் பெயரைப் போடத் தொடங்கியது.

மலாயாத் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பலமான முன்கதை இருக்கிறது. அந்தப் பென்சில் புத்தகம் வந்த அதே 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். வாசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எழுதி வாங்கி, மதிப்பிட்டு, எழுத்தாளர்களாக ஆக்கினார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் கடையில் கணக்கு எழுதியவர்களும் அச்சில் தங்கள் பெயரைப் பார்த்தார்கள். சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றத்துக்கு மலாயா முழுக்கப் பிள்ளைகள் எழுதினார்கள்; அந்தத் தலைமுறையிலிருந்துதான் இந்நாட்டின் பல எழுத்தாளர்கள் வந்தார்கள். தமிழ் நேசன் 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வாசகரையே எழுத வைக்கும் அந்தப் பழக்கம் புதிர்ப் பக்கத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற ஏக்கத்தோடுதான் நான் கிள்ளான் ரயிலுக்குப் போனேன்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் தடத்தில் கொமுட்டர் ஓடுகிறது. சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதை இந்த வழியாகத்தான், 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் புக்கிட் கூடா வரைக்கும் போடப்பட்டது. பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏசி குளிரில் மடிமேல் அட்டையை வைத்துக் கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தேன்.

முதல் வரிசையில் கோலாலம்பூர்: கோ, லா, ல, ம், பூ, ர் என்று ஆறு கட்டம். தமிழில் கட்டம் கட்டுகிறவருக்குப் பெரிய தலைவலி புள்ளி வைத்த எழுத்துதான். எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் மெய் விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. போதாததற்கு, க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லின் கடைசியிலும் வராது. நடுவில் மட்டும்தான் வரும். தமிழ் வார இதழ்களின் குறுக்கெழுத்தில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று தலைகீழாகவும் சொற்கள் போவதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. திருப்பிப் போட்டால் சொல்லின் வால் தலைப்பக்கம் வரும்; மாட்டிக்கொண்ட புள்ளிக்கு இடம் கிடைக்கும்.

கோலாலம்பூரில் ஒன்று விட்டு ஒன்றாகப் பார்த்தால் கோ, ல, பூ. மூன்றும் உயிர்மெய், மூன்றிலிருந்தும் கீழே இறங்கலாம். கோ-விலிருந்து கோப்பி. காப்பிக்கு இங்கே அதுதான் பேச்சு. பூ-விலிருந்து பூக்கடை, காலையில் பார்த்ததே போதும். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத ல-வுக்கு என்ன செய்வது என்று சென்னையில் இருந்திருந்தால் முழித்திருப்பேன். இங்கே லயம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் வாழ்ந்த லயம் இந்த நாட்டுத் தமிழரின் தாத்தா பாட்டி வீட்டு முகவரி. தலைநகரத்தின் பெயர் நடுவிலிருந்து அந்தச் சொல் தானாக இறங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிரிக்பீல்ட்ஸ் படாதபாடு படுத்தியது. ஏழு கட்டத்தில் கடைசி மூன்றும் புள்ளி. கடைசி ஸ்-க்கு மேலிருந்து ஒரு ‘போலீஸ்’ வந்து நின்றால்தான் உண்டு. அதைக் கட்டத்தின் கீழ் ஓரத்துக்குத் தள்ளினேன். கிள்ளானுக்கு நான்கு கட்டம்: கி, ள், ளா, ன். இரண்டாவது கட்டத்து ள் வழியாக ‘வெள்ளி’ இறங்கும். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ‘வாரத்தில் ஒரு நாள், மாதக் கடைசியில் கையில் நிற்காது (3)’ என்று குறிப்பு எழுதினேன். கிள்ளானுக்கு எழுதிய குறிப்பு: ‘அரச நகரம், நகத்தால் யாரையும் நோகடிக்காது (4)’.

பக்கத்து இருக்கையில் கல்லூரி மாணவர் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். “கைப்பேசியிலேயே பண்ணலாமே அங்கிள்?” என்றார். பண்ணலாம்; ஆனால் ஆங்கிலத்துக்காகச் செய்த பல மென்பொருள்களில் தமிழ் கட்டத்துக்குள் உட்காராது. நம் கண்ணுக்குக் ‘கோ’ ஓரெழுத்து. ஒருங்குறியில் அது ‘க’ ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என்று இரண்டு. ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்று கணக்குப் போடும் மென்பொருள் அதைப் பிய்த்து இரண்டு கட்டத்தில் வைத்துவிடும். வீரேஷ் ரத்னாகர் இலவசமாகக் கொடுக்கும் எக்ஸால்வ் போல, ஒரு கட்டத்துக்குள் உயிர்மெய்யை முழுசாகத் தாங்குவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கணினியில் தமிழுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியது இந்த மலேசியாவில்தானே என்றேன். மாணவருக்கு அது தெரிந்திருந்தது; பெருமையாகத் தலையாட்டினார்.

கிள்ளானில் நிலையத்திலிருந்து நடை தூரம்தான் தெங்கு கிளானா சாலை. பிரிக்பீல்ட்ஸைவிட நெருக்கமானது; என் கண்ணுக்கு உயிர்ப்பும் அதிகம். சேலைக்கடை, மசாலைக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, நடுவே நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில். ஒரு சந்துக்குள் திருமணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் கண்ணில் பட்டது.

அச்சகக்காரர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மாசா மாசம் போடப் போறீங்களாண்ணே? அப்படின்னா பெர்மிட் எடுக்கணும்.” அவர் சொன்னது சரி. 1984ஆம் ஆண்டு அச்சுக்கூட, வெளியீட்டுச் சட்டப்படி தொடர்ந்து வரும் இதழ்களுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். முன்பெல்லாம் அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012இல் செய்த திருத்தத்தில் அந்தத் தொல்லை நீங்கியது. தனிப் புத்தகமாகப் போட்டால் அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். தேசிய நூலகத்துக்குப் பிரதிகள் அனுப்ப வேண்டும். சொந்தமாகப் புதிர்ப் புத்தகம் போட நினைக்கும் மலேசியத் தமிழர்களுக்கு இந்த வழி திறந்தே கிடக்கிறது. ஐம்பது புதிர், பின்னால் விடைகள், அட்டையில் அமைத்தவர் பெயர். தீபாவளிக்கு ஒன்று என்று வந்தால் வாங்க ஆள் இருக்கும் என்று நம்புகிறேன்.

என்னுடையது ஒரே தாள். அன்றைக்குக் கையில் கொடுத்து முடிப்பதற்கு. “எடுங்க, போட்டோஸ்டாட் போதும்” என்று சொல்லி அவரே ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். அடியில் என் பெயரையும் ‘கிள்ளான்’ என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்தார். முதல் ஆளாக உட்கார்ந்து போட ஆரம்பித்ததும் அவர்தான்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனேன். மேசைக்கு ஒன்று வைத்ததும், என்ன விளம்பரம் என்று பார்த்தவர்கள் பேனாவைத் தேடினார்கள். கல்லாவில் இருந்த பெண் சில்லறை கொடுத்துக்கொண்டே குறிப்புகளை வாய்விட்டுப் படித்தார். “அரச நகரம்னா இதுதான். நகத்தால நோகடிக்காதுன்னா... கிள்ளாது. கிள்ள மாட்டான்... அட, கிள்ளான்!” என்று அவர் கத்தியதில் பக்கத்து மேசைக்காரருக்கு விடை தெரிந்துவிட்டது. தானே கண்டுபிடிக்க இருந்ததைக் கெடுத்துவிட்டார் என்று அவருக்கு உண்மையிலேயே கோபம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் தினமும் சொல்லும் பெயருக்குள் ஒரு வினைமுற்று இருந்ததை அந்தக் கட்டம் காட்டிக் கொடுத்தது. பரிசு எதுவும் அறிவிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் முழுக் கட்டத்தையும் முடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “எல்லாம் சரி தம்பி. இது மட்டும் எனக்குச் சம்மதமில்லை.” அவர் விரல் வைத்த இடத்தில் ‘மங்கு’ இருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணத்தைச் சொல்லி, ‘மரத்தில் தொங்கும், குடிக்க உதவாது (3)’ என்று எழுதியிருந்தேன். “ஏன் உதவாது? தோட்டத்துல எங்க அம்மா எனக்குக் கோப்பி ஊத்திக் கொடுத்ததே மங்குலதான். அது வேற மங்கு, இது வேற மங்கு, ரெண்டும் மங்குதான்.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் குறிப்பை ஒரு கோட்டால் அடித்துவிட்டு மேலே எழுதினார்: ‘மரத்தில் பால் வாங்கும், வீட்டில் கோப்பி வாங்கும்’.

என்னுடையதைவிடப் பல மடங்கு நல்ல குறிப்பு. இரண்டு பொருளும் உள்ளே இருக்கின்றன. அந்த வாழ்க்கையும் இருக்கிறது. அடித்துத் திருத்திய அந்தத் தாளின் அடியில் அவர் பெயரையும் எழுதச் சொன்னேன். தயங்கினார், பிறகு எழுதினார்.

பையில் மிச்சமிருந்த காலிக் கட்டங்களை அவரிடம் கொடுத்தேன். கிள்ளானில்தான் நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா பள்ளி இருக்கிறது. தன் பழைய மாணவர்களில் சிலர் அங்கங்கே பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள், பிள்ளைகளை வைத்து அமைக்கச் சொல்கிறேன் என்றார். விதி என்னென்ன என்று கேட்டார். கறுப்புக் கட்டத்தை, தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே வடிவம் வருவதுபோல் அமையுங்கள்; ஒரு சொல்லை இரண்டு தடவை போடாதீர்கள்; இரண்டு விடை பொருந்துகிற குறிப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்; அமைத்த பிள்ளையின் பெயரை விடாமல் போடுங்கள் என்றேன்.

அங்கேயே நடுவரிசையில் ‘ஒட்டுப்பால்’ என்று ஆறு கட்டத்தை நிரப்பினார். மங்கில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுக்கும் ரப்பர் அது. இரண்டாவது கட்டத்தில் புள்ளி வைத்த ட் நின்றது. அதன் வழியாக என்ன இறக்குவது என்று கேட்டார். பட்டணம், வட்டம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “அதெல்லாம் எந்த ஊர்லயும் கிடைக்கும் தம்பி” என்றவர், மேலே பெ, ர என்று இரண்டு எழுத்தும் கீழே டு-வும் எழுதினார். பெரட்டு. விடியும் முன் தோட்டத்தில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது.

“இதுக்குக் குறிப்பு?” என்று நான் கேட்டது அடுத்த மேசைக்கும் கேட்டது. “சூரியனுக்கு முன்னாடி நாம ஆஜர்” என்றார் ஒருவர். “பேரு கூப்பிட்டா ஓடணும்” என்றார் இன்னொருவர். கல்லாவில் இருந்த பெண், அப்படி எழுதினால் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், இரண்டு விடை வரும், ஆகாது என்று மறுத்தார். ஆசிரியர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.